கடும் பயிற்சிக்குப் பிறகு ஐஸ்: எப்போது கைகொடுக்கும், எப்போது கெடுக்கும்?

நீண்ட நாள் இடைவெளிக்குப் பிறகு ஒருவர் ஜிம்முக்குப் போய், தொடைக்கான பயிற்சிகளை ஆசை தீரச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று இரவு ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் எழும்போது தொடை கொஞ்சம் இறுகியிருக்கும். அதற்கும் மறுநாள்தான் நிஜமான வேதனை. மாடிப்படி எப்படியோ ஏறிவிடலாம், இறங்கத்தான் முடியாது. நாற்காலியில் உட்காரக்கூட இரண்டு கையாலும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "ஐஸ் வை, சரியாயிடும்."

ஐஸ் வைத்தால் வலி குறையும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வலி குறைவது ஒன்று, தசை தேறுவது வேறொன்று. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் ஐஸ் விஷயத்தில் இவ்வளவு குழப்பம். ஒரு பக்கம், பயிற்சி முடிந்ததும் ஐஸ் தண்ணீரில் இறங்காவிட்டால் பயிற்சியே வீண் என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஐஸைத் தொடவே கூடாது என்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான். நாளைக்கே மறுபடி ஓட வேண்டியவருக்கும், சில மாதங்களில் தசையை வளர்க்க நினைப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. ஏன் என்று புரிய, முதலில் தசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஏன் அதிகமாக வலிக்கிறது?

"லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்ற விளக்கத்தைக் கேட்காதவர் இருக்க மாட்டார். இது இன்னும் ஒழியாத தவறான நம்பிக்கை. கடுமையாக உழைக்கும்போது தசையில் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) சேர்வது உண்மைதான். ஆனால் பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே அதில் பெரும்பகுதியை உடல் எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. இதயம், கல்லீரல், மற்ற தசைகள் எல்லாவற்றுக்கும் லாக்டேட் ஒரு எரிபொருள். ஒரு மணி நேரத்தில் போய்விடும் பொருள், நாற்பது மணி நேரம் கழித்து வரும் வலிக்குக் காரணமாக இருக்க முடியாது.

இந்த வலி தசை நார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சேதத்தோடு தொடர்புடையது. 1902-லேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர், தாமதமாக வரும் இந்த வலி வெறும் களைப்பால் வருவதில்லை, தசைக்குள் ஏதோ கிழிசல் ஏற்படுவதால் வருகிறது என்று எழுதினார். பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, தசை நாருக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் சுருங்கும் அலகுகள் சில இடங்களில் கலைந்து, அவற்றின் எல்லைக்கோடுகள் குலைந்து கிடப்பது தெரிந்தது.

எல்லா அசைவும் இந்தச் சேதத்தை ஒரே அளவில் உண்டாக்குவதில்லை. தசை சுருங்க முயலும்போதே வெளிப்பாரம் அதை இழுத்து நீட்டினால் சேதம் அதிகம். எடையைத் தூக்குவதைவிட மெதுவாக இறக்குவது, மேட்டில் ஏறுவதைவிடச் சரிவில் இறங்கி ஓடுவது, ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சியில்) எழுவதைவிடக் கீழே போவது, எல்லாம் இந்த வகை. வலி வந்த பிறகு படி இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருப்பதற்கும் இதுவே காரணம். தொடைத் தசை மறுபடி அதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

சேதம் நடந்த சில மணி நேரத்துக்குள் உடல் அழற்சியைத் தொடங்கிவைக்கிறது. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, நீர் சுரந்து லேசாக வீங்குகிறது, வெள்ளை அணுக்கள் வருகின்றன. முதலில் வருபவை நியூட்ரோஃபில்கள், சிதைந்த பகுதிகளை அப்புறப்படுத்துபவை. பின்னாலேயே மேக்ரோஃபேஜ்கள் வந்து மிச்சத்தையும் சுத்தம் செய்கின்றன. பிறகு அவையே குணம் மாறி, தசை நார்களின் ஓரத்தில் உறங்கிக்கிடக்கும் துணைச் செல்களை எழுப்பிவிடும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. அந்தத் துணைச் செல்கள் பெருகி, பழுதான நாரோடு இணைந்து அதைச் சரிசெய்கின்றன. இந்தக் களேபரத்தில் வெளிப்படும் ரசாயனங்கள் நரம்பு நுனிகளைக் கூருணர்ச்சி கொள்ளச் செய்வதால்தான் தொட்டாலே வலிக்கிறது. பொதுவாக 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

அழற்சி என்றதும் அதை ஒரு நோய்போலப் பார்க்கிறோம். இங்கே அது நோய் இல்லை. இடிந்த சுவரைக் கட்ட வந்த கொத்தனாரும் சித்தாளும் போடும் சத்தம் அது. சத்தம் பிடிக்கவில்லை என்று அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் வீடு அமைதியாகத்தான் இருக்கும், சுவர் எழும்பாது. ஐஸ் பற்றிய இன்றைய விவாதம் முழுக்க இந்த ஒரு புள்ளியைச் சுற்றித்தான் நடக்கிறது.

குளிர் உள்ளே போய் என்ன செய்கிறது?

முதலில் நடப்பது ரத்தக்குழாய்கள் சுருங்குவது. தோல் குளிர்ந்த உடனே மேல்பகுதிக் குழாய்கள் இறுகி, அங்கே போகும் ரத்தம் குறைகிறது. வீக்கம் சற்றுக் குறைவதற்கு இது ஒரு காரணம். அடுத்தது நரம்பு. குளிரக் குளிர நரம்புகள் செய்தி கடத்தும் வேகம் குறையும். தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்போது வலி மரத்துப்போகத் தொடங்குகிறது. ஐஸ் தரும் நிம்மதியின் பெரும்பகுதி இதுதான். மூன்றாவதாக, குளிர்ந்த செல்கள் ஆக்ஸிஜனையும் சத்தையும் மெதுவாகவே செலவழிக்கின்றன. ரத்த ஓட்டம் குறைந்த நேரத்தில் செல்கள் மேலும் சிதையாமல் இது காக்கக்கூடும் என்பது ஐஸுக்கு ஆதரவாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் வாதம்.

பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இங்கே உண்டு. தோல் குளிர்வதும் தசை குளிர்வதும் ஒன்றல்ல. நடுவில் கொழுப்பு இருக்கிறது, கொழுப்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் தொடையில் ஐஸ் பையை வைத்து, கொழுப்புக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தசை 7 டிகிரி குளிர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் கிள்ளிப் பிடித்து அளந்த மடிப்பின் தடிமன் 10 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களுக்குச் சராசரியாக 8 நிமிடம் போதுமாக இருந்தது. 30 மில்லிமீட்டரைத் தாண்டியவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது. ஆகவே 'இருபது நிமிடம் ஐஸ்' என்ற ஒரே மருந்துச்சீட்டு ஒல்லியானவர் தசையில் செய்வதும், பருமனானவர் தசையில் செய்வதும் வெவ்வேறு வேலைகள். அதற்காகப் பருமனானவர் ஒரு மணி நேரம் ஐஸ் வைத்தால் தோல் புண்ணாகிவிடும். அவருக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் தோல் நரம்புகள் மரத்துப்போவதால் வருவது என்று புரிந்துகொண்டால் போதும்.

ஐஸ் பை வைப்பதைவிடக் குளிர்ந்த நீரில் காலை முழுதாக அமிழ்த்துவது வேறு ரகம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தை உறிஞ்சும். 12 டிகிரிக் காற்றில் நடமாடலாம், 12 டிகிரித் தண்ணீரில் இறங்கினால் மூச்சு முட்டும். கூடவே நீரின் அழுத்தமும் காலைச் சுற்றிலும் அமுக்கி, திசுக்களில் தேங்கிய நீரை ரத்த ஓட்டத்துக்குத் திருப்பி அனுப்ப உதவுகிறது. பயிற்சிக்குப் பிந்தைய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐஸ் பையைவிட இந்த நீர் முறையைத்தான் பரிசோதித்திருக்கின்றன.

ஐஸ் எப்படிச் சட்டமானது, எப்படிக் கேள்விக்குள்ளானது?

1978-ல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர், விளையாட்டுக் காயங்களுக்கு நான்கு அம்ச வழிமுறை ஒன்றைச் சொன்னார்: ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்திவைத்தல். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்' என்று வரும். நினைவில் வைக்க எளிது என்பதால் மைதானம், பள்ளி, முதலுதவிப் பெட்டி என்று எல்லா இடத்துக்கும் பரவியது. சுளுக்குக்கும் அடிபட்ட காயத்துக்கும் சொன்ன அறிவுரை, மெல்லப் பயிற்சிக்குப் பிந்தைய சாதாரண வலிக்கும் நீண்டது. 2002-ல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 10,000 மீட்டர் ஓட்டத்தை வென்ற பிரிட்டிஷ் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப், ஐஸ் குளியல் தனக்கு எவ்வளவு உதவுகிறது என்று பேசிய பிறகு ஓட்டக்காரர்கள் மத்தியில் அது ஒரு அலையாகவே கிளம்பியது.

மிர்கின் நேர்மையானவர். 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பழைய அறிவுரையைத் தானே திருத்திக்கொண்டார். அழற்சி இல்லாமல் திசு ஆறாது, அதை அடக்கினால் ஆறுவதும் தள்ளிப்போகும் என்பது அவருடைய வாதம். 2019-ல் கனடாவைச் சேர்ந்த இரண்டு பிசியோதெரபிஸ்டுகள் மென்திசுக் காயங்களுக்குப் புதிய வழிமுறை ஒன்றை முன்வைத்தபோது அதில் ஐஸுக்கு இடமே தரவில்லை.

இனி ஆய்வுகளுக்கு வருவோம். 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, குளிர்நீரில் அமிழ்தல் பற்றி அதுவரை நடந்த 17 சிறிய ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 366 பேர். சும்மா ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால், குளிர்ந்த நீரில் இறங்கியவர்களுக்கு அடுத்த நான்கு நாட்கள் வரை தசைவலி குறைவாகவே இருந்தது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி வரையிலான நீரைப் பயன்படுத்தியிருந்தார்கள். வலிக்குக் குளிர் உதவும் என்பதற்கு இது ஓரளவு ஆதாரம்.

ஆனால் இந்த வகை ஆய்வில் எளிதில் தீர்க்க முடியாத ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை ஆய்வில் ஒருவருக்கு உண்மையான மாத்திரையும் இன்னொருவருக்கு வெறும் சர்க்கரை மாத்திரையும் கொடுத்து ஏமாற்றலாம். குளிர்ந்த தண்ணீரில் இறங்கியவரிடம் அது குளிர்ந்த தண்ணீர் இல்லை என்று சொல்ல முடியாது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழு இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தது. கடுமையாக சைக்கிள் மிதித்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 டிகிரி நீர். இன்னொன்றுக்கு 35 டிகிரி வெதுவெதுப்பான நீர். மூன்றாம் பிரிவுக்கும் அதே வெதுவெதுப்பான நீர்தான், ஆனால் அதில் அவர்கள் கண்முன்னே ஒரு திரவத்தை ஊற்றி, "இது தசையைத் தேற்றும் விசேஷ எண்ணெய்" என்று விளக்கமும் கொடுத்தார்கள். உண்மையில் அது தோல் கழுவும் சாதாரண திரவம். அடுத்த இரண்டு நாட்களில் கால் பலம் திரும்பியதை அளந்தபோது, அந்த 'எண்ணெய்' குளியல் குளிர்ந்த நீருக்கு எந்த விதத்திலும் குறையவில்லை. வெறும் வெதுவெதுப்பான நீரில் இருந்தவர்கள்தான் பின்தங்கினார்கள்.

இதைக் கேட்டு, எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்பிக்கையும் உடலைத் தேற்றும் என்பது விளையாட்டு வீரருக்கு நல்ல செய்திதான். ஆனால் ஐஸின் பலன் முழுவதும் குளிரால் வருவது என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த வருடமே, 2015-ல், இன்னும் முக்கியமான ஆய்வு ஒன்று வெளிவந்தது. எடைப் பயிற்சி செய்பவர்கள் எல்லாருக்கும் தெரிய வேண்டியது இது என்பேன். இதுவும் ஆஸ்திரேலிய ஆய்வுதான். ஆரோக்கியமான ஆண்கள் 21 பேர் 12 வாரம், வாரம் இரண்டு நாள், கால்களுக்கு எடைப் பயிற்சி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிவினர் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் உட்கார்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் அதே நேரம் சைக்கிளை மெதுவாக மிதித்தார்கள். 12 வாரம் கழித்து இரண்டு பிரிவுக்கும் பலம் கூடியிருந்தது. ஆனால் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தசையும் பலமும் தெளிவாகவே அதிகம் வளர்ந்திருந்தன. தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, குளிர்நீர் எடுத்தவர்களுக்குத் துணைச் செல்களின் செயல்பாடும், புரதம் கட்டச் சொல்லும் சமிக்ஞைகளும் மந்தமாக இருந்தன.

2020-ல் நெதர்லாந்தில் இதை இன்னும் நுட்பமாகச் சோதித்தார்கள். ஒரே ஆளின் ஒரு கால் 8 டிகிரி நீரில், மறு கால் 30 டிகிரி நீரில். பயிற்சிக்குப் பின் 20 நிமிடம், இரண்டு வாரம். சாப்பாடு, தூக்கம், மரபணு, மனநிலை எல்லாமே இரண்டு காலுக்கும் ஒன்றுதான் என்பதால் வேறு சாக்குச் சொல்ல வழியில்லை. குளிர்ந்த காலில் புதிய தசைப் புரதம் உருவாகும் வேகம் குறைந்திருந்தது. 2021-ல் ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு நடந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது: சேதமான தசைக்கு ஐஸ் வைத்தபோது மேக்ரோஃபேஜ்கள் தாமதமாக வந்தன, மீளுருவாக்கமும் தள்ளிப்போனது. எலி மனிதன் இல்லைதான். ஆனால் மூன்று ஆய்வும் ஒரே பக்கம் கை காட்டும்போது அதை அலட்சியப்படுத்த முடியாது.

யார் வைக்கலாம், யார் தவிர்க்கலாம்?

உங்களுக்கு நாளை மறுபடி போட்டி இருக்கிறதா? காலையில் ஒரு ஆட்டம், மாலையில் ஒரு ஆட்டம் என்று தொடர் போட்டியில் ஆடுகிறீர்களா? அப்படியானால் குளிர்நீர் நல்ல துணை. அந்த வாரத்தில் தசை வளர்ந்தால் என்ன, வளராவிட்டால் என்ன, வலி குறைந்து அடுத்த ஆட்டத்தை ஆட முடிந்தால் போதும். வெயிலில் ஓடி உடல் கொதிக்கும்போது குளிர்ச்சி தரும் ஆறுதலும் சேர்ந்துகொள்ளும்.

பலம் கூட்டவோ தசை வளர்க்கவோ எடை தூக்குபவர் என்றால், பயிற்சி முடிந்த கையோடு ஐஸ் தண்ணீரில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வியர்வை சிந்திச் சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தண்ணீரில் விடுவதாகும் அது. குளிர்நீர் பிடித்தமானதாக இருந்தால் எடைப் பயிற்சி இல்லாத நாட்களுக்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள். நீண்டதூரம் ஓடுபவர், சைக்கிள் மிதிப்பவர், நீந்துபவர் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. சகிப்புத்திறன் பயிற்சியின் பலனைக் குளிர்நீர் கெடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

புதிதாகப் பயிற்சி தொடங்கியவருக்கு என் பதில் இன்னும் எளிது. இரண்டாம் நாள் வலி தாங்க முடியவில்லை, நடக்கவே கஷ்டமாக இருக்கிறது என்றால் கொஞ்ச நேரம் ஐஸ் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதைத் தினசரி வழக்கமாக்கத் தேவையில்லை. ஒருமுறை இந்த வலியை அனுபவித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே பயிற்சியை முன்னைவிட நன்றாகத் தாங்கும் தன்மை பெற்றுவிடுகிறது. இரண்டாவது முறை அதே ஸ்குவாட் போட்டால் வலி பாதிகூட இருக்காது. இந்தப் பாதுகாப்பை எந்த ஐஸும் தர முடியாது.

கணுக்கால் பிசகியது, பந்து பட்டுத் தொடை கன்றிப்போனது போன்ற திடீர்க் காயம் வேறு கணக்கு. அங்கே முதல் சில மணி நேரம் வலி குறைக்க ஐஸ் வைப்பது இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. நாள் கணக்கில் விடாமல் வைத்துக்கொண்டிருப்பதைத்தான் இப்போது பலரும் ஏற்பதில்லை.

ஐஸ் பை வைக்கும் முறை

ஃப்ரீசரில் இருந்து எடுக்கும் ஜெல் பையைவிட உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்தான் பாதுகாப்பானது. காரணம் எளிமையானது. உருகும் ஐஸ், முழுதும் உருகித் தீரும்வரை பூஜ்ஜியம் டிகிரியிலேயே நிற்கும். ஜெல் பை உறையாமல் நெகிழ்வாக இருப்பதால் பார்க்கச் சாதுவாகத் தெரிந்தாலும், ஃப்ரீசரின் வெப்பநிலைக்கே, அதாவது மைனஸ் 18 டிகிரி வரை இறங்கியிருக்கும். அதை நேராகத் தோலில் வைத்தால் கொப்புளம் கிளம்பலாம். ஐஸ் உருகும்போது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சுவதால் நீடித்துக் குளிர்விக்கும் திறனும் ஐஸுக்குத்தான் அதிகம்.

ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸைப் போட்டு, துண்டால் சுற்றி நாலு தட்டுத் தட்டி உடைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குவளைத் தண்ணீரும் ஊற்றுங்கள். தண்ணீர் சேர்ந்தால் பை தொடையின் வளைவோடு ஒட்டி உட்காரும், கட்டிகளுக்கு நடுவே காற்று இருக்காது. உள்ளிருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி வாயை முடிச்சுப் போடுங்கள். நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி ஒன்றைத் தோலின் மேல் விரித்து, அதன் மேல் பையை வையுங்கள். தடித்த காய்ந்த துண்டு குளிரை உள்ளே விடாது.

முதலில் சில்லென்று இருக்கும். ஓரிரு நிமிடத்தில் எரிச்சலும் குத்தலும் தொடங்கும். அதன் பின் உள்ளே அமுக்குவதுபோல ஒரு வலி வரும். அதையும் தாண்டினால் மரத்துப்போகும். மரத்துப்போனதும் பையை எடுத்துவிடுங்கள், வேலை முடிந்தது. 10 முதல் 15 நிமிடத்தில் இது நடந்துவிடும், எப்படியும் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நடுவில் ஒருமுறை துணியை விலக்கித் தோலைப் பார்ப்பது அவசியம். சிவந்திருந்தால் சாதாரணம். வெளுத்தோ சாம்பல் பூத்ததுபோலவோ மெழுகுபோல விறைத்தோ இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். மாநிறத்திலும் கருநிறத்திலும் நிறமாற்றம் சட்டென்று தெரியாது. விரலால் அழுத்தி, தோல் மெத்தென்று இருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. ஐஸ் வைத்தபடியே தூங்கிவிடுவதுதான் பலருக்குக் காயம் ஏற்படுத்தும் தவறு.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கமும், முழங்கையின் உட்பக்கமும் நரம்புகள் தோலுக்கு மிக அருகில் ஓடும் இடங்கள். அங்கே நீண்ட நேரம் ஐஸ் வைத்து அழுத்திக் கட்டினால் நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதமோ விரல்களோ தற்காலிகமாகச் சோர்ந்துபோகக்கூடும். எடுத்தவுடன் ஓடவும் கிளம்பாதீர்கள். குளிர்ந்த தசைக்கு வேகமும் பிடிமானமும் சற்று நேரம் குறைவாகத்தான் இருக்கும்.

தொட்டியில் இறங்குவதானால்

10 முதல் 15 டிகிரி, 10 முதல் 15 நிமிடம், இடுப்பு வரை. இவ்வளவுதான் தேவை. தண்ணீரில் ஐஸ் மிதக்க மிதக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் இருப்பது வீரம் ஆகலாம், வைத்தியம் ஆகாது. 5 டிகிரிக்குப் போனால் பலன் இரட்டிப்பாகும் என்றும் இல்லை. கைவசம் ஒரு தெர்மோமீட்டர் இருக்கட்டும், ஏனென்றால் கையை விட்டுப் பார்த்துச் சொல்லும் கணிப்பு பெரும்பாலும் தவறாகத்தான் இருக்கும். ஃப்ரிட்ஜின் இரண்டு டிரே ஐஸ் இதற்குப் போதவே போதாது. 27 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் நீரை 13 டிகிரிக்கு இறக்க, கணக்குப்படி சுமார் 15 கிலோ ஐஸ் வேண்டும்.

ஆபத்து முதல் ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது. குளிர்ந்த நீர் பட்டதும் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளே இழுக்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். ஆரோக்கியமானவருக்கு இது ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதனால் குதிக்காமல் பாதம், முழங்கால், தொடை என்று படிப்படியாக இறங்கி, மூச்சை மெதுவாக வெளியே விடுவதிலேயே கவனம் வையுங்கள். தனியாக இறங்காதீர்கள், குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். வெளியே வந்ததும் துடைத்து, காய்ந்த உடை போட்டு உட்காருங்கள். உடலின் உள்வெப்பம் அதற்குப் பிறகும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டிருக்கும், நடுக்கம் வெளியே வந்த பிறகு கூடுவதும் உண்டு.

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், குளிர்பட்டால் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட் பிரச்சினை, குளிரால் தடிப்புத் தடிப்பாக எழும் ஒவ்வாமை, கால்களுக்கு ரத்த ஓட்டக் குறைபாடு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட்டியில் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஐஸ் பைகூட ஆபத்துதான். அளவு மீறியதை எச்சரிக்கும் வலியே அவர்களுக்குத் தெரியாது.

மைனஸ் 110 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த காற்றில் இரண்டு மூன்று நிமிடம் நிற்க வைக்கும் அறைகள் இப்போது பிரபலம். ஜப்பானில் 1970-களின் இறுதியில் மூட்டுவலிக்காகத் தொடங்கியது இது. பயிற்சிக்குப் பின் சாதாரண குளிர்நீரைவிட இது மேல் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. 2011-ல் அமெரிக்க ஓட்டக்காரர் ஜஸ்டின் காட்லின் ஈரமான காலுறையோடு அப்படியொரு அறைக்குள் போய்ப் பாதத்தில் உறைபனிக் காயத்தோடு வெளியே வந்தார். அங்கே கட்டும் காசுக்கு நல்ல தூக்கத்துக்கு வழி செய்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

தூக்கம்தான் தசை தேறுவதற்கு எல்லாவற்றையும்விட முக்கியம். அடுத்து, நாள் முழுதும் பரவலாகப் போதுமான புரதம், தாகம் தீரத் தண்ணீர், மறுநாள் லேசான நடை. மசாஜும் இந்த வலிக்கு நன்றாகவே உதவுகிறது. தொடையை உள்ளங்கையால் மென்மையாக நீவிவிடுவதற்குத் தெர்மோமீட்டரும் வேண்டாம், 15 கிலோ ஐஸும் வேண்டாம்.

ஐஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத வலிகளும் உண்டு. இரண்டு தொடையிலும் சமமாக, பரவலாக, தொட்டால் வலிப்பது பயிற்சி வலி. ஒரே இடத்தில் குத்துவதுபோல, பயிற்சியின் நடுவிலேயே பளிச்சென்று வந்த வலி, காலை ஊன்ற முடியாமை, மூட்டு பெருத்து வீங்குவது, மரமரப்பு, ஒரு வாரம் தாண்டியும் குறையாத வலி ஆகியவை காயத்தின் அறிகுறிகள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசை பயங்கரமாக வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ போனால், சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.